நாய்க்குப் பச்சைக்கறி: கடலோர வீட்டுக் கணக்கு

பாம்பனிலிருந்து தொண்டி வரைக்கும் வீட்டு நாயின் சாப்பாடு அநேகமாக ஒன்றுதான்: சோறு, மேலே மீன் குழம்பு. ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ நாட்டு நாயோ, எல்லாவற்றுக்கும் இதே தட்டுதான். அந்தக் குழம்பில் நாய்க்கு ஆகாதவை உண்டு. வெங்காயமும் பூண்டும் ரத்தத்தின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். புளியில் டார்டாரிக் அமிலம் ஏராளம். திராட்சை தின்ற நாய்க்குச் சிறுநீரகம் கெடுவது இந்த அமிலத்தால்தான் என்று இப்போது கருதுகிறார்கள். ஆகவே சோறு, குழம்பை விட்டு வெளியே வர நினைப்பது நியாயம்தான்.

வெளியே வந்ததும் கை நேராக மீன் கூடைக்குப் போகிறது. வாசலிலேயே கிடைக்கிறது, பொடி மீனென்றால் மலிவு, நாயும் ஆசையாகத் தின்னும். ஆனால் இந்தக் கரையில் நாய்க்குச் சமைக்காத பச்சை உணவுக்கு மாறுகிறவர்கள் முதலில் மறக்க வேண்டியது பச்சை மீனைத்தான். கறியைப் பச்சையாகக் கொடுக்க வழி இருக்கிறது. மீனை வேகவைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

சாளை, நெத்திலி வகையறாக்களில் பலவற்றில் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. இது வைட்டமின் பி1ஐ உடைத்துவிடும். ஒருநாள் தின்றால் ஒன்றும் ஆகாது. வாரக்கணக்கில் அதே மீனைப் பச்சையாகத் தின்றால் முதலில் பசி குறையும், பிறகு நடை தள்ளாடும், முற்றினால் வலிப்பு வரும். "நாய்க்கு வாதம் வந்துவிட்டது" என்று வீட்டில் வைத்துக்கொண்டு மூலிகை தேட வேண்டாம். உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய், என்ன மீன், எத்தனை நாள் கொடுத்தோம் என்பதைச் சொல்லுங்கள். காலத்தோடு பி1 ஊசி போட்டால் தேறும். இந்த நொதி வெந்தால் செயலிழந்துவிடும். கடல்மீனின் குடலிலும் சதையிலும் சுருண்டு கிடக்கும் புழுக்களும் வெந்தால் சாகும்.

வேகவைத்தும் போகாதவை இரண்டு. சூரையும் கானாங்கெளுத்தியும் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் ஊறும். அது கொதியில் அழியாது. நாய்க்கு முகம் வீங்கும், வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். செவுள் பழுப்பாகிக் கண் குழிந்த மீனை "நாய்க்குத்தானே" என்று வாங்க வேண்டாம். இன்னொன்று பேத்தை என்ற நச்சு மீன். வலையிலிருந்து உதறிக் கரையில் போட்டுவிட்டுப் போவார்கள், அவிழ்த்துவிட்ட நாய் அதைக் கவ்வும். அதன் நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. எச்சில் ஒழுகி, கால் தள்ளாடி, மூச்சு அடங்கிவிடும். மூச்சுக்குத் துணைகொடுக்கும் சிகிச்சை மட்டுமே உண்டு. காலையில் கரைவலை இழுக்கும் இடத்தில் நாயைக் கயிற்றில் பிடித்துத்தான் நடத்த வேண்டும். கெளிற்று முள்ளுக்கும் இதே எச்சரிக்கைதான்.

மீன் கொடுக்கச் சரியான முறை இது. 20 கிலோ நாய்க்கு வாரம் இரண்டு முறை, முறைக்கு 100 கிராம் சாளை. தலை, குடல் நீக்கி, உப்பு, மஞ்சள், மிளகாய் எதுவும் இல்லாமல் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குக்கரில் சிறு தீயில் 25 நிமிடம். முள் விரலில் நசுங்கினால் சரி, நசுங்காவிட்டால் இன்னும் பத்து நிமிடம். காரலுக்கு முள் கெட்டி, சதையை மட்டும் உதிர்த்துக் கொடுப்பது நல்லது. கருவாடு, வேண்டவே வேண்டாம். அத்தனை உப்பு நாய்க்குத் தாங்காது.

இனி கறி. வளர்ந்த நாய்க்கு ஒருநாள் உணவு உடல் எடையில் 2 முதல் 3 சதவீதம். வேட்டைநாய் ரத்தம் உள்ள, ஓடியாடும் நாய்க்கு மூன்று, வாசலில் படுத்துக் கிடப்பதற்கு இரண்டு. உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பதற்கு உலகெங்கும் புழங்கும் கணக்கு 80-10-10: சதை 80, தின்னக்கூடிய எலும்பு 10, உள்ளுறுப்பு 10. அந்த உள்ளுறுப்பில் பாதி ஈரல், மீதி குண்டிக்காயும் சுவரொட்டியும். இதயமும் கோழியின் இரைப்பையும் உள்ளுறுப்புக் கணக்கில் வராது, சதைக் கணக்கில்தான் சேரும். பலர் தடுமாறும் இடம் இது.

பெரிய தடுமாற்றம் எலும்பில் வருகிறது. 10 சதவீதம் என்பது வெறும் எலும்பின் எடை. எலும்போடு கூடிய துண்டின் எடை அல்ல. கோழிக் கழுத்தில் எலும்பு சுமார் 36 சதவீதம், இறக்கையில் 46, பாதத்தில் 60. ஆகவே 20 கிலோ நாய்க்கு 2.5 சதவீதம் என்று 500 கிராம் எடுத்தால் தேவைப்படும் எலும்பு 50 கிராம், அதற்குக் கழுத்து 140 கிராம். மீதி சதை 310, ஈரல் 25, குண்டிக்காய் அல்லது சுவரொட்டி 25. வாரத்துக்கு வாங்கும்போது கழுத்து 1 கிலோவுக்குக் கொஞ்சம் குறைய, சதை 2 கிலோ 200 கிராம், ஈரல் 175, மற்ற உறுப்பு 175. கோழிக்கடையில் தலை, கால், கழுத்து, தோல் எல்லாம் கலந்து மலிவாகக் கிடைக்கும் கழிவை அப்படியே அள்ளிக் கொடுத்தால் எலும்பும் கொழுப்பும் கணக்கைத் தாண்டிவிடும். தோலில் உள்ள கொழுப்பால் கணையம் வீங்கிப் படுத்த படுக்கையாகும் நாய்கள் உண்டு.

எலும்பே இல்லாமல் வெறும் சதை கொடுப்பது இதைவிடக் கெடுதல். சதையில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் கிட்டத்தட்ட இல்லை. உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவிக்கொள்ளும். குட்டியாக இருந்தால் கால் வளையும், குதித்தாலே முறியும். அதனால்தான் ஒரு வயது ஆகாத குட்டிக்கு இந்த வீட்டுக் கணக்கு வேண்டாம் என்கிறோம். வளரும் உடம்பில் கால்சியம் கூடினாலும் கெடுதல், குறைந்தாலும் கெடுதல். சினைநாய்க்கும், சிறுநீரகக் கோளாறு அல்லது கணைய வீக்கம் வந்த நாய்க்கும் வேண்டாம்.

எலும்பு எப்போதும் பச்சையாக இருக்க வேண்டும். வெந்த எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். பிரியாணி எலும்பு அதனால்தான் ஆபத்து. ஆட்டுத் தொடை எலும்பு பச்சையாக இருந்தாலும் பல்லை உடைக்கும். அவசரமாக விழுங்கும் நாய்க்குக் கழுத்தைச் சிறு துண்டாக வெட்டிப் போடாதீர்கள், அதுதான் தொண்டையில் அடைக்கும். முழு நீளமாகக் கொடுத்து மெல்ல விடுங்கள், இல்லையென்றால் கடையிலேயே கைமாவாகக் கொத்தி வாங்கிவிடுங்கள். ஆட்டின் தொண்டைப் பகுதியை வழக்கமாகக் கொடுக்காதீர்கள். ஒட்டி வரும் தைராய்டு சுரப்பியைத் தொடர்ந்து தின்றால் நாயின் தைராய்டு ஹார்மோன் அளவு ஏறும்.

மாற்றும் முறை. சோறு தின்று பழகிய வயிறு ஒரே நாளில் மாறாது. முதல் நான்கு நாள், வழக்கமான தட்டில் கால் பங்கை எடுத்துவிட்டு, அதற்கு ஈடாகத் தோலும் எலும்பும் இல்லாத கோழிச் சதை. மலம் கெட்டியாக இருந்தால் அடுத்த நான்கு நாள் பாதி, அதற்கடுத்து முக்கால். பன்னிரண்டு, பதினான்கு நாளில் சோறு நின்றுவிடும். இதுவரை கோழி ஒன்றுதான், வேறு கறி கலக்கக் கூடாது. கலந்தால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க முடியாது. பிறகு கழுத்து. அது ஒரு வாரம் ஓடியபின் ஈரல், முதலில் சுண்டுவிரல் நுனி அளவு. ஆடு, முட்டை, வேகவைத்த மீன் எல்லாம் அதற்குப் பிறகு, வாரத்துக்கு ஒன்றாக. ஈரலை ஆர்வத்தில் கூட்டாதீர்கள். அதில் வைட்டமின் ஏ சேர்ந்துகொண்டே போகும், மாதக்கணக்கில் கூடினால் மூட்டும் கழுத்தெலும்பும் இறுகிவிடும்.

தினமும் மலத்தைப் பார்ப்பதே சரியான சோதனை. வெள்ளையாகச் சுண்ணாம்புபோல உதிர்ந்தால், முக்கி முக்கிப் போனால் எலும்பு கூடிவிட்டது. அன்று கழுத்தை நிறுத்திச் சதையோடு இரண்டு கரண்டி வெந்த பரங்கிக்காய் மசித்துக் கொடுங்கள். கறுப்பாகக் களியாகப் போனால் ஈரல் அதிகம். ஆனால் ஈரல் கொடுக்காத நாளில் தார்போலப் போனால் அது உள்ளே கசியும் ரத்தம், மருத்துவர் வேலை. சளிபோல வழிந்தால் மாற்றம் வேகமாகிவிட்டது, ஒரு படி பின்னால் போங்கள். விடியற்காலையில் மஞ்சளாக வாந்தி எடுத்தால் பெரும்பாலும் வெறும் வயிற்றுப் பித்தம்தான், இரவு உணவைக் கொஞ்சம் தள்ளிக் கொடுத்தால் நின்றுவிடும். வயிறு உப்பி, திரும்பத் திரும்ப ஓங்கரித்தாலோ, இரண்டு நாள் வெளிக்கு இருக்காவிட்டாலோ எண்ணெய் ஊற்றிப் பார்க்காதீர்கள், எக்ஸ்ரே எடுக்க வேண்டும். தண்ணீர் குடிப்பது குறையும், பயப்பட வேண்டாம். பச்சைக்கறியில் எடையில் பெரும்பகுதி நீர்தான். அந்தக் கொஞ்சத் தண்ணீரும் நீங்கள் குடிக்கும் தண்ணீராக இருக்கட்டும், ஆழ்குழாய் உவர்நீர் வேண்டாம்.

ஆட்டு உறுப்புகளில் கவனிக்க வேண்டியது நீர்க்கட்டி. ஈரலிலும் நுரையீரலிலும் வெள்ளையாக, உள்ளே தண்ணீர் ததும்பும் கட்டி தெரிந்தால் அதை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைக் கொடுப்பது தவறு. முழு உறுப்பையும் எரிக்க வேண்டும் அல்லது ஆழமாகப் புதைக்க வேண்டும். அந்தக் கட்டியைத் தின்ற நாயின் குடலில் நாடாப்புழு வளரும். அதன் முட்டை நாயின் மலத்திலும் ரோமத்திலும் ஒட்டி வீட்டு மனிதர்களுக்குப் போனால், நம் ஈரலில் அதே கட்டி வரும். நாய்க்கு ஒன்றும் தெரியாது, நோய் மனிதனுக்கு. கிடாவெட்டிலும் பக்ரீத்திலும் உறுப்புகள் அள்ளி வரும் நாள்களில்தான் இது அதிகம் நடக்கிறது. ஆட்டு மூளை, தலை இரண்டும் வேண்டாம், அங்கே வேறொரு நாடாப்புழுவின் கட்டி இருக்கலாம். ஆட்டு உறுப்புப் பச்சையாகத் தின்னும் நாய்க்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை பிராசிக்வான்டெல், கிலோவுக்கு 5 மில்லிகிராம் கணக்கில், மருத்துவர் சொல்படி. நாடாப்புழு முட்டை விடும் நிலைக்கு வளர ஏறக்குறைய அத்தனை நாள் ஆகும் என்பதால் அந்த இடைவெளி. கடையில் விற்கும் எல்லாப் பூச்சி மருந்திலும் இது இருக்காது, அட்டையைப் படித்து வாங்குங்கள். பன்றிக்கறி பச்சையாக வேண்டாம்.

புழுவுக்கு இன்னொரு காவல் உறைய வைப்பது: −18 டிகிரி அல்லது அதற்குக் கீழே 10 நாள். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஐஸ் தட்டு பெரும்பாலும் அந்தக் குளிருக்குப் போகாது, தனி டீப் ஃப்ரீசர் வேண்டும். புயல் மாதங்களில் கரண்ட் போனால் மூடியைத் திறக்காதீர்கள். நிறைய அடுக்கிய பெட்டி ஒருநாளுக்கு மேல் தாங்கும். மீன் கம்பெனி உடைத்த ஐஸ் குளிர்விக்க உதவும், ஆனால் அது தரையில் இழுபட்டு வருவது, கறியைத் தொடக் கூடாது. கறியை டப்பாவில் மூடி, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளக விடுங்கள். மேடையில் வைத்து இளக்கினால் இந்த ஊர் வெயிலில் வெளிப்புறம் கெட்டுவிடும், உள்ளே இன்னும் கல்லாக இருக்கும். தட்டில் போட்டு இருபது நிமிடத்தில் தின்னாததை எடுத்துவிட வேண்டும்.

கிருமி விஷயம் வேறு. உறைந்தால் சால்மொனெல்லா சாகாது, தூங்கும். நாய் நோயில்லாமல் இருந்தபடியே அதை மலத்திலும் எச்சிலிலும் பரப்பும். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012லேயே பச்சைக்கறியை ஊக்கப்படுத்த வேண்டாம் என்று முடிவெடுத்தது இதனால்தான். 2018ல் வந்த மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வொன்று, பச்சைக் கோழிக்கறி தின்பதற்கும் பின்னங்காலில் தொடங்கி மேலேறும் ஒருவகை நரம்பு வாதத்துக்கும் தொடர்பு கண்டது. அரிதான நோய்தான், ஆனாலும் கணக்கில் வைக்க வேண்டியது. தவழும் குழந்தை, கர்ப்பிணி, வயதானவர், புற்றுநோய் மருந்து எடுப்பவர் உள்ள வீட்டில் பச்சைக்கறி வேண்டாம் என்பதில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை. பச்சை ரத்தம் ருசி கண்ட நாய் ஆட்டைக் கடிக்கும் என்று ஊரில் சொல்வதற்கு ஆதாரம் கிடையாது. தின்னும்போது தட்டருகே போனால் உறுமுவது வேறு, அது சோற்றுத் தட்டிலும் உண்டு.

இன்னொரு உண்மையும் சொல்ல வேண்டும். 80-10-10 முழுமையான கணக்கு அல்ல. துத்தநாகம், மாங்கனீஸ், வைட்டமின் ஈ, அயோடின் இதில் குறையும். மாட்டுக்குத் தரும் தாது உப்புக் கலவை இதற்கு மருந்தல்ல. நாய்க்கென்று உள்ளதை, மருத்துவர் பார்த்த அளவில் கொடுக்க வேண்டும்.

ஃப்ரீசர் இல்லை, வீட்டில் குழந்தை இருக்கிறது என்றால் இதே கறியை வேகவைத்துக் கொடுப்பதே எங்கள் பரிந்துரை. சோறு, குழம்பை விட்டு வெளியே வருவதன் பலனில் பெரும்பகுதி அதிலேயே கிடைக்கும். பச்சையாக நிறுத்த அளவையே கணக்கில் வையுங்கள், வெந்தபின் நிறுத்தால் கால்வாசி குறைவாகக் காட்டும். எலும்பு முழுக்க நீக்கி, நீர் சுண்டும்படி வேகவைத்து, அந்தச் சாற்றையும் சேர்த்தே ஊற்றுங்கள். எலும்புக்குப் பதில் முட்டை ஓடு: கழுவிக் கொதிக்க வைத்து, காயவிட்டு, மிக்சியில் மாவாக அரைத்து, 450 கிராம் கறிக்கு அரை டீஸ்பூன். பரபரவென்று இருந்தால் இன்னொரு முறை அரைத்துச் சலிக்க வேண்டும். எலும்பு கொடுக்கும் நாளில் ஓட்டுத்தூள் கிடையாது.