ட்ரையல்ஸ் பைக்: புள்ளி ஏறுவது திருப்பத்தில்

ட்ரையல்ஸ் போட்டியில் வேகத்துக்கு மதிப்பே கிடையாது. பாறை, மரவேர், ஓடை, சேறு, செங்குத்து மேடு எல்லாம் கலந்த ஒரு சின்னப் பாதையை, கால் தரையில் படாமல் வண்டியிலேயே கடக்க வேண்டும். அந்தப் பாதையைத்தான் செக்‌ஷன் என்கிறோம். ஓரத்தில் அப்சர்வர் எனும் நடுவர் நின்று தண்டப்புள்ளி கணக்கெடுப்பார். கால் ஊன்றாமல் முடித்தால் 0. ஒருமுறை ஊன்றினால் 1, இரண்டு முறை என்றால் 2, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் 3. விழுந்தாலோ, எல்லைக் குறியைத் தாண்டினாலோ, வண்டி பின்னால் உருண்டாலோ, இன்ஜின் ஆஃப் ஆகிக் காலும் தரையில் இருந்தாலோ 5. கடைசியில் யாருக்குப் புள்ளி குறைவோ அவர் ஜெயித்தார். சமமாக வந்தால் அதிக 0 வாங்கியவர் முன்னால் நிற்பார்.

நடுவில் நிற்கலாமா என்பது போட்டிக்குப் போட்டி மாறும். நிற்கக் கூடாத விதியில், முன்னே நகர்வது நின்றுவிட்டாலே 5. நிற்க அனுமதிக்கும் விதியில், நின்ற இடத்திலேயே சக்கரத்தைத் துள்ளவைத்துத் திருப்பிக்கொள்ளலாம். அதற்குப் பதிலாக நேர வரம்பு வைத்திருப்பார்கள். பெயர் கொடுக்கும்போதே எந்த விதி என்று கேட்டுவிடுங்கள். பழகும் முறையே வேறு வேறு.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது பாறை ஏறுவது எப்படி என்பதுதான். வீடியோக்களும் அதைத்தான் காட்டுகின்றன. 2007 முதல் 2024 வரை ஒரு வருடமும் விடாமல் வெளிக்களம், உள்ளரங்கம் இரண்டிலும் உலகப் பட்டம் வென்ற டோனி போவ் ஆளுயரப் பாறையில் தாவுவதைப் பார்த்துவிட்டு வந்தால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் போட்டியின் ஆரம்ப வகுப்பில் ஓட்டுபவரின் புள்ளி அட்டையை எடுத்துப் பார்த்தால், புள்ளிகள் ஏறியிருப்பது பெரும்பாலும் திருப்பங்களில்தான். முழங்கால் உயரப் பாறையை நேராக வந்து ஏற ஒரு வாரத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம். செக்‌ஷன் போடுபவர் அந்தப் பாறைக்கு ஒன்றரை மீட்டர் முன்னால் ஒரு இறுக்கமான திருப்பத்தை வைத்துவிடுவார். திருப்பம் சரியாக முடியாவிட்டால் பாறையில் கோணலாகப் போய் மோதுவீர்கள், முன்சக்கரம் வழுக்கிக்கொண்டு பக்கவாட்டில் ஓடும், பயத்தில் ஆக்சிலேட்டரை முறுக்குவீர்கள், கதை முடிந்தது. பார்ப்பவர்களுக்குப் பாறை தோற்கடித்த மாதிரி தெரியும்.

சமதரையில் தொடங்குங்கள். இரண்டு கற்களை மூன்று மீட்டர் இடைவெளியில் வைத்து எட்டு போடுங்கள். முதல் கியர், ஐட்லிங்கைவிடக் கொஞ்சம் கூடுதலான வேகம், கிளட்சில் ஆள்காட்டி விரல் ஒன்று மட்டும், பின் பிரேக்கில் மிக லேசான அழுத்தம். பின் பிரேக்கை அப்படி வைத்திருப்பது நிறுத்துவதற்காக அல்ல. கிளட்ச் தள்ள, பிரேக் தடுக்க, செயின் தொய்யாமல் இழுபட்டே இருக்கும், வண்டி குலுங்காது.

இனி உடம்பு. வண்டி உள்பக்கம் சாயும், நீங்கள் வெளிப்பக்கம் நகர வேண்டும். இடதுபுறம் திரும்பினால் இடுப்பு வலப்பக்கம் போகும், எடை முழுவதும் வலது ஃபுட்ரெஸ்டில் இறங்கும், இடது முழங்கால் மடங்கி வண்டி சாய இடம் கொடுக்கும். மார்பும் பார்வையும் அடுத்து போக வேண்டிய இடத்தைப் பார்த்திருக்க வேண்டும். முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே திரும்புகிறவர் அந்தச் சக்கரத்துக்குக் கீழேயே கால் ஊன்றுவார். எடை பின்னால் போய்விட்டால் முன்டயருக்குப் பிடிப்புக் குறைந்து, ஹேண்டிலை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகவே வழுக்கிக்கொண்டு போகும். ஈரப்புல்லில் இது நன்றாகத் தெரியும். தாடை ஹேண்டில்பாரின் நடுப்பகுதிக்கு மேல் இருந்தால் சரி.

மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு ஒன்று: திருப்பத்தின் நடுவில் சந்தேகம் வந்ததும் கிளட்சை முழுசாகப் பிடித்துவிடுவது. இழுவிசை போனதும் வண்டி உள்பக்கம் சரியும், உடனே உள்கால் தரைக்குப் போகும். செய்ய வேண்டியது நேர் எதிர். வண்டி உள்ளே விழுவதுபோல் இருந்தால் கிளட்சை ஒரு நூல் விடுங்கள், நிமிர்ந்துவிடும். வெளிப்பக்கம் நிமிர்ந்து ஓடப் பார்த்தால் ஒரு நூல் பிடியுங்கள், சாய்ந்து திரும்பும். மெதுவான வேகத்தில் சமநிலையைத் திருத்துவது ஹேண்டிலைவிட அந்த ஒரு விரல்தான். இது கைக்கு வரும்வரை பாறைப் பக்கமே போக வேண்டாம்.

சரிவில் திரும்புவது தனிப் பாடம். மேட்டை நோக்கித் திரும்பினால் உள்கால் மேட்டுப் பக்கம் இருக்கும். தரை பக்கத்திலேயே இருப்பதால் தேவைப்பட்டால் ஊன்றிக்கொள்ளலாம். ஏறிப்போய், திரும்பி, இறங்கும் திருப்பத்தில் உள்கால் பள்ளத்துப் பக்கம். கால் நீட்டினால் தரை எட்டாது, ஆள் வண்டியோடு உருளுவார். பாதி மேட்டிலேயே பொறுமையிழந்து ஹேண்டிலைத் திருப்புவதுதான் இதற்குக் காரணம். முன்சக்கரம் மேட்டின் உச்சிவரை போகட்டும், வேகம் கிட்டத்தட்ட தீரட்டும், அப்புறம் திருப்புங்கள். இறங்கும்போது முன் பிரேக்தான் அதிக வேலை செய்யும். அதைப் பிடித்தபடியே ஹேண்டிலைத் திருப்பினால் முன்சக்கரம் மடங்கி வழுக்கும். முதலில் பிரேக்கை விடுங்கள், பிறகு திருப்புங்கள்.

திருப்பத்துக்கு அடுத்தபடி புள்ளியை ஏற்றுவது டயர் காற்று. பின்டயர் 4.00-18 அளவு, பெரும்பாலும் டியூப் இல்லாதது, முன்டயர் 2.75-21, டியூப் உள்ளது. பின்னால் 4 முதல் 5 பிஎஸ்ஐ, முன்னால் 5 முதல் 6 பிஎஸ்ஐ வழக்கம். சாலை வண்டிக்காரர் பார்த்தால் பஞ்சர் என்பார். அவ்வளவு குறைவாக இருந்தால்தான் டயர் பாறையின் வடிவத்துக்கு மடிந்து ஒட்டும். சாதாரண கேஜில் 4-க்கும் 7-க்கும் வித்தியாசமே தெரியாது. 15 பிஎஸ்ஐ வரை மட்டும் காட்டும் கேஜ் வாங்குங்கள். இந்த விளையாட்டில் மலிவாகக் கிடைக்கும் முன்னேற்றம் அதுதான். காற்றைப் போட்டி நடக்கும் இடத்தில், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். வெயிலில் நின்ற வண்டியில் அளந்து குறைத்தால், ஓடைத் தண்ணீரில் இறங்கியதும் இன்னும் குறைந்துவிடும். ரொம்பக் குறைந்தால் முன்னால் டியூப் ரிம்முக்கும் பாறைக்கும் நடுவில் நசுங்கிக் கிழியும். பின்னால் டயர் ஓரம் ரிம்மை விட்டு விலகிக் காற்று புஸ்ஸென்று போகும், ரிம்மும் அடிவாங்கும். நூறு கிலோ ஆளுக்கு 4 பிஎஸ்ஐ சரிவராது, கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

வண்டி தேர்வு பற்றி நீட்ட வேண்டியதில்லை. பீட்டா, கேஸ்கேஸ், ஷெர்கோ, டிஆர்எஸ், மொன்டேசா எதுவானாலும் இன்றைய ட்ரையல்ஸ் வண்டி கிட்டத்தட்ட 70 கிலோதான், சீட் என்று சொல்லும்படி எதுவும் இருக்காது, டேங்கில் இரண்டு மூன்று லிட்டர் பிடிக்கும். பெரியவர்களுக்கு 250 சிசி போதும். 300 வாங்கியவர்கள் பாதிப்பேர் அதன் சக்தியை அடக்குவதிலேயே கை வலித்து நிற்கிறார்கள். லேசான வண்டியின் அருமை பழைய செய்தி: 1965-இல் ஸாமி மில்லர் என்ற வீரர் ஸ்பெயின் கம்பெனியான புல்டாக்கோவின் லேசான டூ-ஸ்ட்ரோக் வண்டியில் ஸ்காட்டிஷ் ஆறுநாள் ட்ரையலை ஜெயித்த பிறகு, கனமான பிரிட்டிஷ் ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகளின் காலம் முடிந்துபோனது. ஆக்சிலேட்டர் முரட்டுத்தனமாக இருக்கிறது என்று தோன்றினால் கைப்பிடிக்குள் இருந்து கேபிளை இழுக்கும் குழலை மாற்றி, மெதுவாகத் திறக்கும் குழலைப் போடுங்கள். டொமினோ கம்பெனி ஆக்சிலேட்டரில் வெள்ளைக் குழல் மெதுவானது, கறுப்பு வேகமானது. ஐட்லிங்கைக் கொஞ்சம் ஏற்றி வைப்பதும் திருப்பத்துக்கு உதவும். முறுக்காமலேயே வண்டி நடக்கும்.

இப்போது பாறை. நேர் கோணத்தில், நடக்கும் வேகத்தில் வாருங்கள். அரை மீட்டர் இருக்கும்போது முழங்காலை மடக்கி சஸ்பென்ஷனை அழுத்தி, அது எழும்பும் நேரத்தில் சின்ன முறுக்கும் கிளட்ச் விடுதலும் சேர்ந்து முன்சக்கரத்தைத் தூக்கும். முன்டயர் பாறையின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே மோத வேண்டும். மோதும் கணத்தில் இரண்டாவது முறுக்கு. அது வண்டியை மேலே தள்ளும். உடனே முழங்காலை நிமிர்த்தி, பின்சக்கரத்தின் மேலிருந்து எடையை எடுத்து, ஆக்சிலேட்டரை மூடிவிடுங்கள். பின்சக்கரம் தானாக ஏறும். இன்ஜினுக்குக் கீழே உள்ள அடித்தட்டு பாறையில் உட்கார்ந்துவிடுகிறதா? இரண்டாவது முறுக்கு வரவில்லை. பின்பக்கம் உதைத்துத் தூக்கி உங்களை முன்னால் தள்ளுகிறதா? பின்சக்கரம் ஏறும்போதும் முறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

மேட்டில் பாதியில் நின்றுபோனால் பலர் கிளட்சையும் முன் பிரேக்கையும் பிடிப்பார்கள். ஏற்றத்தில் முன்சக்கரத்துக்கு எடையே இருக்காது, பிரேக் பிடித்தபடியே வண்டி பின்னால் சறுக்கும். கியரில் இருக்கும்போதே இன்ஜினை அணைத்துக் கிளட்சை விட்டுவிடுங்கள். பின்சக்கரம் பூட்டி நிற்கும். அப்புறம் மேட்டுப் பக்கமாக இறங்கி, முன்பக்கத்தை இழுத்துத் திருப்பிக்கொள்ளலாம். இன்ஜின் அணைப்பானின் கயிறு மணிக்கட்டில் கட்டாயம் இருக்க வேண்டும். தினமும் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். விழுந்த வண்டி முறுக்கிய நிலையில் சுற்றிக்கொண்டிருந்தால் செயினிலும் ஸ்ப்ராக்கெட்டிலும் விரல் போகும்.

ஓட்டுவதற்கு முன் செக்‌ஷனை நடந்து பார்ப்பது கட்டாயம். பிரிட்டிஷ் முறையில் சிவப்புக் குறி வலப்பக்கம், நீலம் இடப்பக்கம் இருக்க, நடுவே போக வேண்டும். கணக்கு முன்சக்கரத்தின் அச்சு தொடக்கப் பலகையைத் தாண்டும்போது தொடங்கி, முடிவுப் பலகையைத் தாண்டும்போது முடியும். நடந்து முடித்தபின் கடைசியிலிருந்து தொடக்கம் வரை திரும்பி நடங்கள். பாறையில் எந்த இடத்தில் சக்கரம் பட வேண்டும், அதற்கு எந்தக் கோணம், அந்தக் கோணத்துக்குத் திருப்பத்தை எங்கே அகலமாகத் தொடங்க வேண்டும் என்பது பின்னோக்கி நடக்கும்போதுதான் பிடிபடும். உங்கள் வகுப்பில் நன்றாக ஓட்டும் ஒருவர் போவதைப் பாருங்கள். மேல் வகுப்புக்காரரின் தடம் உங்களுக்கு உதவாது. கால் ஊன்ற வேண்டி வந்தால் எங்கே என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். கெட்டித்தரையில் திட்டமிட்டு ஊன்றிய ஒரு கால் 1-ஓடு முடியும். வழுக்குப் பாறையில் பதறி நீட்டிய கால் 5-இல் கொண்டுபோய் விடும். மூன்றாவது முறையும் ஊன்றிவிட்டால் அப்புறம் கூச்சமே வேண்டாம். வண்டி முன்னே நகர்ந்துகொண்டே இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் ஊன்றித் தள்ளிக்கொண்டு போய் 3-ஐ வாங்கிக்கொள்ளுங்கள்.

பத்து செக்‌ஷனை நான்கு சுற்று ஓட்டுவது கிளப் போட்டிகளில் சகஜம். கடைசிச் சுற்றில் கை ஓய்ந்துபோகும், அப்போதுதான் கிளட்ச் விரல் தடுமாறும். செக்‌ஷன்களுக்கு நடுவே வண்டியில் விளையாடுகிறவர்கள் அந்தச் சுற்றில் அதற்கு விலை கொடுக்கிறார்கள்.

கிளட்ச் பற்றி இன்னும் கொஞ்சம். குளிர்ந்த இன்ஜினில் தட்டுகள் எண்ணெயில் ஒட்டியிருக்கும்; கியர் போட்டதும் வண்டி பாய்ந்து இன்ஜின் ஆஃப் ஆகும். ஸ்டார்ட் செய்யும் முன், கியரில் போட்டுக் கிளட்சைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் பிரிந்துவிடும். லீவரில் சிறிது தளர்வு இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் சூடேறியதும் கிளட்ச் நழுவத் தொடங்கும். கியர்பாக்ஸ் எண்ணெய் வகையைக் கையேட்டில் சொன்னபடி ஊற்றுங்கள், கிளட்ச் விடும் தன்மையே அதைப் பொறுத்து மாறும். லீவர் பிடியின் போல்ட்டை இறுக்கித் தள்ளாதீர்கள். விழும்போது லீவர் சுழன்று கொடுக்கும் அளவுக்கு இருந்தால் உடையாது.

வண்டி தண்ணீரில் மூழ்கினால் கிக்கரை உதைக்க வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராட் வளையும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, வண்டியைத் தலைகீழாக்கி, சைலன்சரிலும் சிலிண்டரிலும் உள்ளதை வடியவிட்டு, பிளக் இல்லாமலே கிக்கரை மெதுவாகப் பலமுறை மிதியுங்கள். ஏர் ஃபில்டர் பஞ்சைப் பிழிந்து, கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலிசெய்து, உலர்ந்த பிளக் போட்டால் பெரும்பாலும் கிளம்பிவிடும். கியர்பாக்ஸ் எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். ரேடியேட்டர் விசிறி சுற்றுகிறதா என்பதைச் சேற்றுப் பாதைக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் பாருங்கள். நடக்கும் வேகத்தில் காற்றோட்டம் கிடையாது, விசிறி நின்றால் பத்து நிமிடத்தில் கொதிக்கும். வீட்டில் கழுவும்போது அழுத்தத் தண்ணீரைச் சக்கர பேரிங்கிலும் பின் சஸ்பென்ஷன் இணைப்பிலும் நேராக அடிக்காதீர்கள். கிரீஸ் போய், அடுத்த மாதம் இணைப்பு துருப்பிடித்து இறுகி நிற்கும்.