தட்டின் முன்னாலேயே தூங்கிய பிள்ளை

அக்கா மகள் ஹவுஸ் சர்ஜன், அதாவது எம்.பி.பி.எஸ். பாடம் முடித்து மருத்துவமனையில் வேலை பார்க்கும் பயிற்சி டாக்டர். நேற்று 36 மணி நேர ட்யூட்டி முடித்து, நேராகத் திருவையாற்றுக்கு பஸ் ஏறி வந்துவிட்டாள். சோறும் வத்தக்குழம்பும் போட்டுவிட்டு அப்பளம் எடுக்க உள்ளே போனேன். வந்து பார்த்தால், கை சோற்றில் இருக்க, சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். புறங்கையில் பேனாவால் எழுதிய படுக்கை எண்கள் இன்னும் அழியவில்லை. எழுப்ப மனசே வரவில்லை.

சாயங்காலம் காவிரிப் படித்துறையில் உட்கார்ந்து பேசினோம். "தூக்கம்கூடப் பரவாயில்லை சித்தி. பார்த்துக்கொண்ட நோயாளி இறந்துபோனால் அழக்கூட நேரமில்லை" என்றாள். அப்போதிலிருந்து எனக்கு நெஞ்சு கனக்கிறது.

முதுநிலை மாணவர்களுக்கு வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வேண்டாம், ஒரு நாள் விடுப்பு வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024இல் பரிந்துரைத்தது. ஹவுஸ் சர்ஜன்களுக்கும் அதே கணக்கு வேண்டும், அதுவும் ஏட்டளவில் நிற்காமல்.

டாக்டருக்குப் படிக்கும் பிள்ளை வீட்டுக்கு வந்தால் "பி.ஜி. எப்போது?" என்று ஆரம்பிக்காதீர்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேளுங்கள், போதும். அப்புறம், மனசு தாங்காத நேரத்தில் பேச அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் இருக்கிறது: 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. இன்று காலை அவள் கிளம்புமுன் அந்த எண்ணை அவள் போனில் நானே பதிந்து கொடுத்தேன்.