ஆடிக் காற்றும் மண்டபக் கூரையும்

ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் பாளையங்கோட்டையின் உயரமான திருமண மண்டபங்கள் பல நாட்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. செங்கோட்டைக் கணவாய் வழியே பாயும் காற்று வெளியில் எதையும் பறக்க விடாத அந்த மாதத்தில்தான், ரப்பர் முறுக்கினால் பறக்கும், பால்சா என்னும் மிக இலேசான மரத்தாலான என் சிறு விமானங்களுக்கு மண்டபமே வானமாகிறது. 1871இல் பாரிசில் அல்போன்ஸ் பெனோவின் ரப்பர் விமானம் 11 நொடிகள் பறந்தது. இன்றோ, இறக்கை வீச்சு 550 மில்லிமீட்டருக்கு மிகாத, உள்ளரங்கப் போட்டிகளுக்கான எஃப்1டி என்னும் வகை ரப்பர் விமானங்கள் 20 நிமிடங்களைக் கடந்தும் பறக்கின்றன.

ஆயத்தத்தில் பெரும்பங்கு ரப்பருக்கே உரியது. வளையமாக முடிச்சிட்ட ரப்பருக்குச் சிலிகான் எண்ணெய் தடவி, நான்கைந்து மடங்கு நீளத்துக்கு இழுத்துப் பிடித்துப் பாதிச் சுற்றுகளை ஏற்றியபின், மீதியை முறுக்கிக்கொண்டே மெல்ல நெருங்கி வர வேண்டும். முழு முறுக்கோடு விட்டால் விமானம் வேகமாக ஏறிக் கூரையில் மோதும் என்பதால், சில சுற்றுகளைத் திரும்ப அவிழ்த்து முறுக்குவிசையைக் குறைத்தே விடுகிறோம். எத்தனை சுற்றுகளை அவிழ்ப்பது என்பதைக் கூரையின் உயரமே தீர்மானிக்கிறது; முறுக்குவிசைமானி இல்லாமல் இதைக் கைக்கணக்கில் செய்வதை நான் ஏற்பதில்லை. சென்ற ஆண்டு அவ்வாறு செய்து, அலங்காரத் தோரணம் கட்டும் கொக்கியில் ஓர் இறக்கையை இழந்தேன். ஒரு மாத உழைப்பு அது.

மின்விசிறிகளை நிறுத்தி, சன்னல்களை அடைத்து, காற்று அடங்கும்வரை காத்திருந்த பிறகே முதல் விமானத்தைக் கையிலிருந்து விடுகிறேன்.