ஓப்பல் பல்பு போன என்லார்ஜருக்கு எல்இடி: இதுவரை

மூடிய ஸ்டூடியோ ஒன்றிலிருந்து வாங்கிய மெயோப்டா ஒபேமஸ் 6 என்லார்ஜர் என்னிடம் இருக்கிறது. நெகட்டிவைப் பெரிதாக்கி போட்டோ பேப்பரில் விழவைக்கும் கருவி. செக்கோஸ்லோவாக்கியா தயாரிப்பு. உடம்பில் ஒரு குறையும் இல்லை, பல்புதான் போய்விட்டது. அதற்கான 150 வாட் ஓப்பல் பல்பு கடைகளில் இல்லை. ஆன்லைனில் பழைய ஸ்டாக் கிடைத்தாலும் விலை கேட்டால் மலைப்பு.

வாட்டைப் பார்த்து வேறொரு பல்பை மாட்டிவிட முடியாது. இதுபோன்ற கண்டென்சர் (ஒளியைக் குவிக்கும் லென்ஸ்) வைத்த என்லார்ஜரில் பல்பின் முகமே ஒளிமூலம். அதனால்தான் ஓப்பல் பல்பு முழுக்கப் பால்வெள்ளையாக இருக்கும். சாதாரண பல்பின் உச்சியில் கம்பெனி பெயரும் வாட்டும் அச்சடித்திருப்பார்கள். இதில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். எழுத்து இருந்தால் அது பிரிண்டில் அழுக்குபோல் தெரியும்.

முதலில் வீட்டு எல்இடி பல்பு ஒன்றை மாட்டினேன். நம் ஊர் பல்புகள் பெரும்பாலும் பின் வகை, இதற்கு ஈ27 திருகு வகை வேண்டும். அது சுலபமாகவே கிடைத்தது. நெகட்டிவ் வைக்காமல், லென்ஸ் துளையை எஃப்/8-இல் வைத்து, கான்ட்ராஸ்டை (கருப்பு வெள்ளை வேறுபாட்டை) மிகவும் கூட்டும் கிரேடு 5 ஃபில்டர் போட்டு, பேப்பர் இளஞ்சாம்பலாக வரும் அளவுக்கு மட்டும் வெளிச்சம் கொடுத்து டெவலப் செய்தேன். என்லார்ஜரின் அடிப்பலகையில் கண்ணுக்குச் சீராகத் தெரிந்த ஒளி, பேப்பரில் நடுவே கருத்தும் மூலைகளில் வெளுத்தும் வந்தது. எல்இடி பல்பின் பாதி உடம்பு டிரைவர் என்ற மின்சுற்று. ஒளி முன்பக்கம் மட்டும்தான் வருகிறது. விளக்குத் தண்டை ஏற்றி இறக்கியதில் கொஞ்சம் சரியானது. கண்டென்சருக்கு மேலே 3 மி.மீ. பால்வெள்ளை அக்ரிலிக் வட்டம் வைத்ததும் மீதியும் சரியானது.

இன்னொரு தொல்லை இருளில்தான் தெரிந்தது. பல்பைக் குறித்த நேரத்தில் அணைக்கும் டைமர் நின்ற பிறகும் பல்பு மங்கலாக மினுங்கியது. பல எலக்ட்ரானிக் டைமர்களில் அணைந்த நிலையிலும் துளி மின்சாரம் கசியும். டங்ஸ்டன் இழைக்கு அது உறைக்காது, எல்இடிக்கு அதுவே போதும். டைமரை அணைத்தபடியே ஈசலில் (பேப்பரைப் பிடிக்கும் சட்டத்தில்) பேப்பரைப் போட்டு, மேலே ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து, இரண்டு நிமிடம் விட்டு டெவலப் செய்தேன். நாணயம் இருந்த இடம் வெள்ளை வட்டமாக நின்றது, சுற்றிலும் சாம்பல். எல்இடி மாட்டுகிறவர்கள் வேறெதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள்.

அதன் பிறகு பல்பு வடிவத்தையே கைவிட்டேன். சென்னை ரிச்சி தெருவில் 12 வோல்ட் வார்ம் ஒயிட் எல்இடி ஸ்ட்ரிப், அடாப்டர், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வாங்கி, ஸ்ட்ரிப்பை அலுமினியத் தகட்டில் வரிவரியாக ஒட்டினேன். அடாப்டர் எப்போதும் ஆனிலேயே இருக்கும். அதற்கும் ஸ்ட்ரிப்புக்கும் நடுவில் ரிலே. மினுக்கம் போயிற்று, எரியத் தொடங்கும்போது இருந்த தாமதமும் போயிற்று. அக்ரிலிக்கை ஸ்ட்ரிப்பிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது.

ஒளியின் நிறமும் முக்கியம். ஒளியின் நிறத்தால் கான்ட்ராஸ்ட் மாறும் மல்டிகிரேடு பேப்பரில் பச்சை ஒளி கான்ட்ராஸ்டைக் குறைக்கும், நீலம் கூட்டும். கூல் டேலைட் எல்இடியில் நீலம் தூக்கலாக இருப்பதால் ஃபில்டர் இல்லாமலே பிரிண்ட் முரட்டுத்தனமாக வருகிறது. வார்ம் ஒயிட் பழைய டங்ஸ்டனுக்குக் கிட்டே நிற்கிறது. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஓடிய காலத்தின் கிரேடு பேப்பர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது, கான்ட்ராஸ்ட் பேப்பரோடு சேர்ந்தே வந்தது.

அக்ரிலிக் போட்டதில் பிரிண்ட் அரை கிரேடு மென்மையாகியிருக்கிறது. நேராகப் பாயும் ஒளியை நெகட்டிவின் அடர்ந்த பகுதிகள் சிதறடிப்பதால் கான்ட்ராஸ்ட் கூடும். பரவிய ஒளியில் அந்தக் காலியர் விளைவு குறைந்துவிடுகிறது. எனக்கு இது லாபமே: தூசியும் கீறலும் முன்னளவு தெரிவதில்லை, பிரிண்டில் வெள்ளைப் புள்ளிகளைத் தூரிகையால் மறைக்கும் ஸ்பாட்டிங் வேலை குறைந்தது. சூடு இல்லாததால் நெகட்டிவ் நடுவில் வளைந்து ஃபோகஸ் நழுவுவதும் இல்லை.

ஃபில்டர் கணக்குதான் பாக்கி. இல்ஃபோர்ட் ஃபில்டர்களில் 00 முதல் 3½ வரை வெளிச்சம் கொடுக்க ஒரே நேரம், 4, 5-க்கு இரட்டிப்பு. இந்த விளக்கில் அது அப்படியே பொருந்தவில்லை. ஸ்டெப் வெட்ஜ் (படிப்படியாக அடர்த்தி கூடும் ஃபிலிம் துண்டு) வைத்து ஒவ்வொன்றுக்கும் தனி நேரம் குறிக்க வேண்டும். அதுவரை 3½-க்கு மேல் ஃபில்டர் தேவைப்படாத நெகட்டிவ்களாகப் பார்த்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.