எட்டு எழுத்தைத் தேடி: பியூமிலியோ வேலை இதுவரை

வருஷத் தொடக்கத்தில் ஆரம்பித்த வேலை ஓரளவு உருப்படியான நிலைக்கு வந்திருக்கிறது. ஆர்என்ஏ மேல் வந்து ஒட்டும் பியூமிலியோ என்ற புரதத்தை எடுத்துக்கொண்டு, அது மனித மரபணுக்களில் எங்கெங்கே உட்கார வாய்ப்பிருக்கிறது என்று வீட்டு மடிக்கணினியிலேயே தேடிப் பார்ப்பதுதான் திட்டம். தொடக்கக் கல்லூரியில் படித்த உயிரியலும், அலுவலகக் கணக்குகளுக்காகப் பழகிய பைத்தான் நிரல்மொழியும்தான் கைவசம்.

மரபணுவிலிருந்து, புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் தூது ஆர்என்ஏ படியெடுக்கப்பட்டதோடு விஷயம் முடிவதில்லை. அந்தப் படி எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும், அதிலிருந்து எவ்வளவு புரதம் தயாராகும், உயிரணுவின் எந்த மூலைக்குப் போகும் என்பதிலெல்லாம் இந்த ஒட்டும் புரதங்களுக்குப் பெரிய கை உண்டு. மனிதர்களிடம் இவை 1,500-க்கும் மேல். பாதிக்கு மேற்பட்டவை எதைப் பிடிக்கும், எதை விடும் என்று சட்டென்று சொல்லிவிட முடியாத ரகம். பியூமிலியோ அப்படியில்லை. அதனால்தான் அதைப் பிடித்தேன். பழ ஈயின் கருவில், பின்பக்கத்தில், நானோஸ் என்ற இன்னொரு புரதத்தோடு சேர்ந்து 'ஹஞ்ச்பேக்' தூது ஆர்என்ஏ புரதமாக மாறாமல் தடுப்பது இதுதான். அந்தத் தடை இல்லாவிட்டால் ஈக்கு வயிறு ஒழுங்காக உருவாகாது. நம்மிடம் பம்1, பம்2 என்று இரண்டு இருக்கின்றன.

முதலில் உருவத்தைப் பார்த்துவிடலாம் என்று, மூலக்கூறுகளை முப்பரிமாணத்தில் காட்டும் கைமெரா-எக்ஸ் மென்பொருளை இறக்கினேன். மனித பம்1 ஆர்என்ஏ-வைப் பிடித்திருக்கும் வடிவம் 2002-இல் வெளியானது. புரத வடிவத் தரவு வங்கியில் அதற்கு இருக்கும் 1எம்8எக்ஸ் என்ற எண்ணைக் கொடுத்தால் திறந்துகொள்ளும். எட்டு அலகுகள் வாழைப்பழச் சீப்பு மாதிரி வளைந்து அடுக்கியிருக்கின்றன. உள்வளைவில் ஆர்என்ஏ நீட்டிப் படுத்திருக்கிறது. ஆர்என்ஏ என்பது ஏ, யு, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளின் சங்கிலி. ஓர் அலகுக்கு ஓர் எழுத்து, அதுவும் தலைகீழாக: எட்டாவது அலகு முதல் எழுத்தைப் பிடிக்கிறது, முதல் அலகு கடைசி எழுத்தை. மூன்றாவது எழுத்தான யு-வுக்கு நெருங்கிப் போனேன். அங்கே ஆறாவது அலகிலிருந்து 1043-ஆம் இடத்து அஸ்பராஜினும் 1047-ஆம் இடத்து குளூட்டமினும் ஆகிய அமினோ அமிலங்கள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. இந்த இரண்டை மட்டும் செரின், குளூட்டமிக் அமிலம் என்று மாற்றினால் அதே அலகு ஜி-யைப் பிடிக்கும் என்று 2006-இல் செய்தே காட்டிவிட்டார்கள். அக்கா மகள் எட்டிப் பார்த்துவிட்டு, “அப்ப நமக்கு வேணும்கிற எழுத்தைப் படிக்கிற மாதிரி புரதமே செஞ்சுக்கலாமா மாமா?” என்றாள். செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

சரி, தேடலுக்கு வருகிறேன். பியூமிலியோ விரும்பும் வரிசை யு-ஜி-யு-ஏ-என்-ஏ-யு-ஏ. நடுவில் வரும் என் எதுவாகவும் இருக்கலாம். தரவுத்தளத்தில் யு எல்லாம் டி என்றுதான் எழுதியிருக்கும், அதற்கேற்பத் தேட வேண்டும். என்செம்பிள் என்ற மரபணுத் தரவுத்தளத்திலிருந்து, தூது ஆர்என்ஏ-வின் 3' முனையில் (வால் பக்கத்தில்) புரதமாக மாறாத பகுதிகளை இறக்கினேன். ஒரே மரபணுவுக்குப் பல படிகள் வரும் என்பதால், மரபணுவுக்கு ஒரு பிரதிநிதிப் படியாக மேன் செலக்ட் என்று குறித்திருப்பதை மட்டும் வைத்துக்கொண்டால் ஒன்றையே பலமுறை எண்ணுகிற தொல்லை கிடையாது. இன்னொரு நிம்மதி: இந்த எட்டெழுத்து தன்மேல் தானே ஏறி உட்காராது, எப்படி நகர்த்தினாலும் எழுத்து இடிக்கும். ஆகவே சாதாரணத் தேடலே போதும்.

தேடல் நொடியில் முடிந்தது, பட்டியலும் நீளம். ஆனால் தற்செயலாகவே எத்தனை வரும்? நான்கு எழுத்தும் சமமாக இருந்தால் 16,384 இடத்துக்கு ஒன்று. இந்த முனைப் பகுதிகளிலோ ஏ-யும் டி-யும் அதிகம். இரண்டும் சேர்ந்து 60 விழுக்காடு என்று வைத்தால் ஏறத்தாழ 6,900-க்கு ஒன்று என்று ஆகிவிடுகிறது. எழுத்து விகிதத்தைப் பார்க்காமல் “நிறையக் கிடைத்தது” என்று சொல்வதில் அர்த்தமே இல்லை என்பது என் கட்சி. மனிதன், சுண்டெலி, எலி, நாய் நான்கையும் ஒப்பிட்ட 2005 ஆய்வில், இந்த முனைப் பகுதிகளில் தெளிவாகக் காக்கப்பட்டிருந்த வரிசைகளில் இதுவும் ஒன்று. எனக்குத் தெம்பு தந்தது அதுதான்.

சோதனைக்கு நோராடை எடுத்தேன். புரதம் எதையும் உருவாக்காத, 5,300 எழுத்து அளவிலான நீள ஆர்என்ஏ. பியூமிலியோவை இழுத்து வைத்துக்கொள்வதுதான் இதன் வேலைகளில் முக்கியமானது என்று 2016-இல் தெரிந்தது. இது இல்லாத உயிரணுக்களில் பியூமிலியோ கட்டவிழ்ந்து போய்க் குரோமோசோம் எண்ணிக்கையே குளறுபடியாகிறது. நிரலை ஓட்டியதும் வரிசைகள் கொத்துக் கொத்தாக விழுந்தன. பார்க்கவே திருப்தி.

அடுத்தது நிஜமாகவே ஒட்டுகிறதா என்ற கேள்வி. புற ஊதா ஒளியால் புரதத்தையும் ஆர்என்ஏ-வையும் பிணைத்து எடுத்த ஈகிளிப் தரவு, மனித மரபணுத்தொகுதியின் செயல்களைப் பட்டியலிடும் என்கோட் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கே562 என்ற ரத்தப் புற்றுநோய் உயிரணுக்களில் பம்1, பம்2 இரண்டுக்குமே இருக்கிறது. பொருத்துவதில்தான் பொறுமை போகும்: ஒரு கோப்பு பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது, மற்றது ஒன்றிலிருந்து. ஒன்றில் குரோமோசோம் பெயருக்கு முன்னொட்டு உண்டு, மற்றதில் இல்லை. ஒட்டிய இடமும் எட்டெழுத்தின்மேல் கச்சிதமாக விழாது, இரு பக்கமும் கொஞ்சம் அகட்டித்தான் பார்க்க வேண்டும்.

பொருத்திய பிறகு, எழுத்து இருந்தும் புரதம் ஒட்டாத இடங்கள் ஏராளம். அந்த மரபணு ரத்த உயிரணுவில் இயங்காமலே இருக்கலாம், முனைப் பகுதி அங்கே குட்டையாக வெட்டப்பட்டிருக்கலாம், அல்லது ஆர்என்ஏ தன்மேலேயே மடிந்து எழுத்துகளை மறைத்திருக்கலாம். கடைசிக் காரணம்தான் என்னை இழுக்கிறது. உயிரணுப் பிரிவைத் தடுக்கும் பி27-இன் தூது ஆர்என்ஏ-வில் பம்1 உட்கார்ந்ததும் அங்கிருக்கும் மடிப்பு குலைந்து, மிர்-221, மிர்-222 என்ற குட்டி ஆர்என்ஏக்கள் வந்து ஒட்ட வழி கிடைக்கிறது, பி27 குறைகிறது. 2010-இல் வந்த முடிவு இது. வழக்கமாக பியூமிலியோ சிசிஆர்4-நாட் என்ற புரதக் கூட்டத்தை அழைத்து, தூது ஆர்என்ஏ-வின் கடைசியில் வரிசையாக நிற்கும் ஏ-க்களாலான வாலைக் குறைத்துத்தான் ஆர்என்ஏ-வை அழிக்கும். இங்கே கதவைத் திறந்துவிடும் வேலையும் பார்க்கிறது.

மடிப்பைப் படிக்கும் வேலை நம்மூரிலேயே நடக்கிறது என்பதில் ஒரு சின்னப் பெருமை. பயோபொலிஸில் இருக்கும் சிங்கப்பூர் மரபணுத்தொகுதிக் கழகத்தில் யூ வான் குழு, உயிரணுவுக்குள் எந்த ஆர்என்ஏ எதோடு ஜோடி சேர்கிறது என்று கண்டறியும் ஸ்பிளாஷ் முறையை 2016-இல் வெளியிட்டது.

என் வீட்டில் அதற்கெல்லாம் வழியில்லை. ஆர்என்ஏ எப்படி மடியும் என்று கணிக்கும் ஆர்என்ஏ-பிஎல்ஃபோல்ட் நிரலை வைத்து, ஒட்டிய எட்டெழுத்தும் ஒட்டாததும் எவ்வளவு திறந்து கிடக்கின்றன என்று கணக்கிடப் போகிறேன். முழு நீளத்தையும் மடித்துப் பார்த்தால் கணிப்பில் நம்பிக்கை வராது, சுற்றியிருக்கும் துண்டு போதும். நான் 150 எழுத்து என்கிறேன், அக்கா மகள் 100 போதும் என்கிறாள். இரண்டையும் ஓட்டிவிட்டு எழுதுகிறேன்.