கே.டி. எடுத்த நாட்கள்

மூன்று கேபி கூட வராத ஒரு ஃபைலுக்காக 2022 மார்ச்சில் நான்கு நாள் சரியாகத் தூங்கவில்லை. எங்கள் ஆண்ட்ராய்டு ஆப்பின் கீஸ்டோர் அது, ஆப் எங்களுடையதுதான் என்று கையெழுத்திடும் சாவி இருக்கும் ஃபைல். வீட்டுப் பத்திரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தொலைந்தால் அடுத்த அப்டேட் போட முடியாது. சாவியை கூகுளிடமே ஒப்படைக்கும் வசதி வந்து வருடங்கள் ஆகியும், "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளித் தள்ளி, அதைச் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆபீஸில் ஒரு மேஜைக்கடியில் இருந்த, ஆப்பைத் தயாரிக்கும் பில்ட் மெஷினிலேயே விட்டுவைத்திருந்தோம். வெள்ளிக்கிழமை மாலையோடு ரஷ்யாவுக்கான எல்லா ஆக்ஸஸும் கட் என்று தலைமை ஆபீஸிலிருந்து செவ்வாய்க்கிழமை மெயில் வந்தது.

நான் இருப்பது கோயம்புத்தூர் சரவணம்பட்டி. 2018-லிருந்து ஓர் ஐரோப்பியக் கம்பெனிக்கு இங்கிருந்தபடியே வேலை. பெயர் வேண்டாம். அவர்களுடைய மொபைல் டீம் மொத்தமும் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தது, டெஸ்டர் மட்டும் உக்ரைனில், கார்கிவில். அவரை அக்கா என்றுதான் மனசுக்குள் வைத்திருந்தேன். நான் "முடிந்தது" என்று அனுப்பும் எதையும் அரை மணி நேரத்தில் உடைத்துக் காட்டிவிடுவார்.

பிப்ரவரி 24, வியாழக்கிழமை. ரஷ்யா உக்ரைனுக்குள் படையெடுத்த நாள். மாஸ்கோ நேரம் காலை பத்து மணிக்கு ஸ்டாண்டப் என்கிற தினசரி மீட்டிங், நமக்குப் பன்னிரண்டரை. அன்று யாரும் கேமரா போடவில்லை. அக்கா வரவே இல்லை. பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த எங்கள் டீம் லீட் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்றைக்கு ஸ்டேட்டஸ் வேண்டாம்" என்றார். அப்புறமும் யாரும் மீட்டிங்கை விட்டுப் போகவில்லை. நான்கைந்து நிமிடம் எல்லோருடைய வீட்டுச் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தது. ஒருவர் வீட்டில் குழந்தை பியானோவைத் தட்டிக்கொண்டிருந்தது.

மார்ச் முதல் வாரத்தில், ராணுவத்தைப் பற்றி 'பொய்த் தகவல்' பரப்பினால் பதினைந்து வருடம் வரை சிறை என்று ரஷ்யாவில் சட்டம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் மீட்டிங்குகளில் 'போர்' என்ற வார்த்தையே வரவில்லை. "இப்போதைய நிலைமை" என்பார்கள். இரண்டு வாரம் கழித்துத்தான் எங்கள் கம்பெனியும் ரஷ்ய ஆபீஸை மூடுவதாக அறிவித்தது. வருகிறவர்கள் ஆர்மீனியாவின் யெரவானுக்கோ செர்பியாவின் பெல்கிரேடுக்கோ வரலாம், வராதவர்களுக்குக் கணக்கை முடித்துக் கொடுத்துவிடுவோம். மெயிலில் மொத்தம் ஆறு வரி.

என் பங்குக்கு வந்தது கே.டி., அதாவது நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர். ஐடியில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: போகிறவர் மூளையில் இருப்பதை எல்லாம் இருக்கிறவர் தலையில் இறக்கிவைக்கும் சடங்கு. நாங்கள் எழுதுவது கோட்லின் என்கிற புரோகிராமிங் மொழி. அதன் ஃபைல் ஒவ்வொன்றும் 'டாட் கே.டி.' என்று முடியும். ஆக காலை முதல் இரவு வரை கே.டி. ஃபைல்களுக்குக் கே.டி. எடுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் எனக்கே நான் ஒரு கேடி மாதிரி தோன்ற ஆரம்பித்தது. பெட்டி கட்டிக்கொண்டிருப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தப் பீரோ சாவி எங்கே இருக்கு?" என்று கேட்பது போலத்தானே அது.

கோட்லின் என்பது நிஜத்தில் ஒரு தீவு. பீட்டர்ஸ்பர்க்குக்கு மேற்கே, பின்லாந்து வளைகுடாவில் இருக்கிறது. ஜாவா மொழிக்கு ஒரு தீவின் பெயர்தானே, நாமும் ஒரு தீவையே வைப்போம் என்று பக்கத்திலிருந்ததை எடுத்து வைத்துவிட்டார்கள். 2019 ஜூனில் இரண்டு வாரம் அந்த ஆபீஸுக்குப் போயிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை லீட் என்னை அங்கே கூட்டிப் போனார். கடலை மறித்துக் கட்டிய அணை மேல் பஸ் போகிறது. தீவில் இருக்கும் ஊர் கிரான்ஷ்டாட், கடற்படை ஊர். 1996 வரை வெளியாட்கள் நினைத்தபடி போய்வர முடியாத இடம். கடற்படைக்காகக் கட்டிய பெரிய தேவாலயம் ஒன்று இருக்கிறது, அதன் குவிமாடத்தைச் சுற்றி நங்கூரம் நங்கூரமாகப் பொறித்திருப்பார்கள். வெளியே கடல் காற்று ஜூனிலும் காதை அறுத்தது. என் வசதிக்காக முட்டைக்கோஸ் வைத்த பன் தேடி அலைந்து வாங்கிவந்தார். "உன் வேலை முழுக்க இந்தத் தீவு மேலதான் நடக்குது, ஒரு தடவையாவது கால் வெச்சுட்டுப் போ" என்றார்.

அந்த மொழியை உருவாக்கிய ஜெட்பிரெய்ன்ஸ், 2000-இல் ரஷ்ய புரோகிராமர்கள் மூன்று பேர் பிராகில் தொடங்கிய கம்பெனி. தலைமையகம் செக் நாட்டில் இருந்தாலும், பீட்டர்ஸ்பர்க், மாஸ்கோ, நோவோசிபிர்ஸ்க் என்று ஆட்களில் பெரும் பங்கு அப்போது ரஷ்யாவில்தான் இருந்தது. 2022 மார்ச் 11 அன்று, ரஷ்யாவில் விற்பனையையும் உருவாக்கப் பணிகளையும் காலவரையறையின்றி நிறுத்துகிறோம், பெலாரஸிலும் விற்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அதே மாதம் மைக்ரோசாஃப்ட், ஆரக்கிள், எஸ்ஏபி எல்லாம் புது விற்பனையை நிறுத்தின. எனக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியவில்லை. மைக்ரோசாஃப்ட் மாதிரியானவர்கள் செய்தது கடைக்கு ஷட்டர் போட்டது. ஜெட்பிரெய்ன்ஸ்காரர்கள் எரிந்துகொண்டிருந்த அடுப்பையே பெயர்த்து எடுத்தார்கள். 2023 பிப்ரவரியில் ஜெட்பிரெய்ன்ஸின் ரஷ்ய நிறுவனம் சட்டப்படி கலைக்கப்பட்டது. அவர்கள் செய்தது சரி என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் சரவணம்பட்டியில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்துகொண்டு சரி என்று சொல்ல எனக்கு என்ன செலவு?

கீஸ்டோர் வியாழக்கிழமை இரவு வந்து சேர்ந்தது. லீட் ஆபீஸுக்கே போய், கம்பளிக் கோட்டைக்கூடக் கழற்றாமல் அந்த மேஜைக்கடியில் உட்கார்ந்து அனுப்பினார். நான் இங்கே ஒரு பில்டைக் கையெழுத்திட்டுப் பார்த்து "ஓகே" என்றதும், "அப்ப எனக்கு இங்க வேற வேலை இல்லை" என்றார். வேடிக்கையாகச் சொன்னாரா என்று குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

மார்ச் கடைசியில் யெரவான் போய் இறங்கினார். மனைவியும் பையனும் கூட. அம்மா வர மாட்டேன் என்றுவிட்டார். விசாவும் மாஸ்டர்கார்டும் மார்ச் 10-லிருந்து ரஷ்ய வங்கிகளின் கார்டுகளை வெளிநாட்டில் செல்லாமல் ஆக்கியிருந்தன. அக்கவுண்டில் பணம் கிடக்கிறது, டாக்சிக்குக் கொடுக்க வழி இல்லை. கணக்குத் தொடங்க பேங்க் வாசலில் முழு நாளும் நின்றாராம், முன்னும் பின்னும் பாதி பேர் புரோகிராமர்கள்தான் என்றார். டீமில் சின்னப் பையன் ஒருவன் போகாமல் இருந்தான். செப்டம்பர் 21-இல் ஆள் திரட்டும் உத்தரவு வந்ததும் ஜார்ஜியா எல்லையில் லார்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் போய் நின்றான்.

அக்காவைப் பற்றி ஒன்பது நாள் தகவலே இல்லை. பத்தாம் நாள் கார்கிவ் மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து, "லேப்டாப் பத்திரமா இருக்கு, சார்ஜ் மட்டும் இல்லை" என்று மெசேஜ். மேலே குண்டு விழுகிற ஊரிலிருந்து ஒருத்தி ஆபீஸ் லேப்டாப்புக்குக் கணக்குச் சொல்கிறாள்! அதைப் படித்துவிட்டு என்ன பதில் போடுவது என்று தெரியாமல் ஒரு ஹார்ட் போட்டேன். இன்று வரை கூச்சமாக இருக்கிறது. பிறகு மேற்கு உக்ரைனில் இருக்கும் லிவிவ், அங்கிருந்து போலந்து. மே மாதம் வேலைக்குத் திரும்பினார். ரஷ்யர்கள் இருக்கிற எந்த மீட்டிங்குக்கும் வர மாட்டேன் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டார். லீட் அந்தப் போரை வெறுத்தவர், எனக்குத் தெரியும். அதை அக்காவிடம் எடுத்துச் சொல்ல நான் யார்? ஆறு மாதம் இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரி வேலை பார்த்தேன். லீட் பக்கை, அதாவது கோடில் இருக்கும் பிழையை, திருத்துவார், அக்கா சோதிப்பார், மெசேஜ் மட்டும் என் வழியாகப் போகும்.

இதில் நான் எங்கேயும் எழுதாத ஒன்று உண்டு. அந்த ஜூனில் எனக்குச் சம்பளம் ஏறியது. மொபைல் வேலையில் பாதி கோயம்புத்தூருக்கு வந்தது, என் கீழே மூன்று பேர் சேர்ந்தார்கள், விசிட்டிங் கார்டில் லீட் என்று அச்சடித்தார்கள். வீட்டில் சொன்னபோது அப்பா மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அம்மிணி, அந்த ரசியாக்காரரு வேலை உனக்கு வந்துருச்சாக்கும்?"

"அப்படி இல்லைப்பா, கம்பெனி அங்கிருந்து விலகிருச்சு..."

"அதத்தானுங் கண்ணு நானும் கேக்கறேன்" என்று டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அந்த வருடக் கடைசியில் லீட் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அதன் பிறகு அக்கா ஸ்டாண்டப்புக்கு வர ஆரம்பித்தார். போன மாதம் பேமெண்ட் திரையில் ஒரு பழைய பக்கைப் பிடித்தார். நெட் போய்த் திரும்ப வந்தால் தொகை இரண்டு முறை காட்டுகிறது.

"இதை யார் எழுதினது?" என்றார், சும்மா கேட்பது போல.

எந்த வரியை யார், எப்போது எழுதினார் என்று காட்டும் கிட் (Git) பதிவில் பார்த்தேன். 2021 நவம்பர், லீட் பெயர்.

"என்னோடதுதான் அக்கா. இன்னைக்குள்ள சரி பண்ணிடறேன்" என்றேன்.