13 வயதில் யார் போஸ்ட், யார் கார்டு?

பள்ளிக் கூடைப்பந்து அணிகளில் யார் எங்கே ஆடுவது என்பது பெரும்பாலும் முதல் நாளே முடிவாகிவிடுகிறது. வரிசையில் நிறுத்தும்போது மற்றவர்களுக்கு மேலே தலை தெரியும் பையன் வளையத்தின் கீழே நிற்கும் போஸ்ட். குட்டையாக, துறுதுறுவென்று இருப்பவன் பந்தைத் தட்டிக்கொண்டு வரும் பாயிண்ட் கார்டு. 14 வயதுக்குட்பட்டோர் அணியைப் பயிற்றுவிக்கும் உடற்கல்வி ஆசிரியரான எனக்கு இந்த ஏற்பாட்டில் நம்பிக்கை இல்லை. மாணவர்களின் உடல் அளவுகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை குறித்துவைக்கும் பதிவேடுதான் அதற்குக் காரணம்.

அதில் நின்ற உயரம், எடை, கை விரிப்பு, அமர்ந்த உயரம் ஆகியவை இருக்கும். பொறுமை தேவைப்படுவது கடைசியானதற்குத்தான். சுவரோரம் போட்ட மரப்பெட்டியில் முதுகு சுவரில் படியும்படி பையனை உட்காரவைத்து, உச்சந்தலையில் அட்டையை அழுத்திக் குறி போட்டு, பெட்டியின் உயரத்தைக் கழிக்க வேண்டும். மாலைக்குள் உடல் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறுகிவிடுமாதலால் எப்போதும் காலையிலேயே அளந்துவிடுவேன். வளர்ச்சி வேகமெடுக்கும்போது முதலில் நீள்பவை கால்கள். உடற்பகுதி பிறகுதான் நீளும். ஆகவே நின்ற உயரம் ஏறிக்கொண்டிருக்க, அமர்ந்த உயரம் அவ்வளவாக அசையாத பையனுக்கு வளர்ச்சி இன்னும் மிச்சமிருக்கிறது என்று ஊகிக்கலாம். இந்த அளவுகளையும் வயதையும் வைத்து, வளர்ச்சி வேகம் உச்சத்தை எட்ட எவ்வளவு காலம் இருக்கிறது என்று கணிக்கும் சூத்திரத்தை ஆய்வாளர் மிர்வால்டின் குழுவினர் 2002-இல் வெளியிட்டனர். மிக முந்தியோ மிகப் பிந்தியோ முதிர்பவர்களிடம் அது அதிகம் பிசகுவதால், அதைக் கைகாட்டியாக மட்டுமே வைத்துக்கொள்கிறேன்.

பெற்றோரின் உயரமும் துணை செய்யும், சொல்வது உண்மையாக இருந்தால். "எங்க வீட்டுக்காரர் ஆறடி சார்" என்று ஒரு தாய் உறுதியாகச் சொன்னார். கட்டணம் கட்ட வந்த அந்தத் தந்தையைச் சுவரோடு நிறுத்திப் பார்த்தபோது 171 செ.மீ. இருந்தார்.

ஆண்பிள்ளைகள் சராசரியாக 14 வயதையொட்டி மிக வேகமாக வளர்கிறார்கள். ஆனால் ஒரே வகுப்பில் இருவரிடையே இதில் இரண்டு மூன்று ஆண்டு வித்தியாசம் சாதாரணம். 13 வயதில் 172 செ.மீ. உயரத்தில் மீசை அரும்பி நிற்பவன் வளர்ச்சியின் பெரும்பகுதியை முடித்திருக்கக்கூடும். பக்கத்தில் 150 செ.மீ.யில் நிற்பவனுக்கு அது தொடங்கியே இருக்காது. முன்னவனை வளையத்தின் கீழேயே நிறுத்தி, வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தை (ரீபவுண்டு) எடுப்பதை மட்டும் பழக்கினால், 17 வயதில் 177 செ.மீ.யோடு நின்றுபோய், போஸ்டுக்கு உயரம் போதாமலும் கார்டுக்குப் பந்து கையில் நிற்காமலும் ஆட்டத்தையே விட்டுவிடுவான். அமெரிக்காவின் ஆந்தனி டேவிஸ் பள்ளிப் பருவத்தில் கார்டாக ஆடி, பிறகு சில காலத்தில் ஏறத்தாழ 20 செ.மீ. வளர்ந்தார், அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் 2012 வீரர் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டபோது அவரிடம் போஸ்டின் உயரமும் கார்டின் பந்தாளும் திறனும் சேர்ந்திருந்தன. அப்படி வளர்பவர்கள் அபூர்வம்தான். ஆனால் வளராமல் நின்றுவிடுபவர்களை ஊருக்கு ஊர் பார்க்கலாம்.

முந்தி முதிர்ந்தவனுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. எதிரணியினர் அவன் வயதைச் சந்தேகித்துப் பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். வயதுச் சோதனைக்கு எடுக்கும் மணிக்கட்டு எக்ஸ்ரே எலும்பின் முதிர்ச்சியைத்தான் காட்டும். பிறந்த தேதியை அல்ல. பொய்ச் சான்றிதழ்கள் நடமாடும் களத்தில் இதைச் சொன்னால் யாரும் காது கொடுப்பதில்லை.

எங்கள் 14 வயதுக்குட்பட்டோர் அணியில் இப்போது எல்லோரும் எல்லா இடத்திலும் மாறி மாறி ஆடுகிறார்கள். இதனால் ஆட்டங்களில் தோற்கிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் 3.05 மீட்டர் உயர வளையத்தின் கீழே முந்தி முதிர்ந்த ஒருவனை நிறுத்தும் அணியை அந்த வயதில் வெல்வது கடினம். "அவ்வளவு உயரமான பையன ஏன் சார் வளையத்த விட்டுத் தள்ளி நிக்க வைக்கிறீங்க?" என்று கேட்கும் நிர்வாகத்திடம் பதிவேட்டைத்தான் நீட்டுகிறேன், அவர்கள் கோப்பைகள் இருக்கும் அலமாரியைக் காட்டுகிறார்கள்.